ஒன்றே ஒன்று கேட்டேன்: பத்து மொழிகளில் சிங்கிள்டன் வாங்கிப் பார்த்த அனுபவம்

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி வாரம். கோவையில் ஒரு துணிக்கடைக்கு நான் எழுதிக்கொடுத்த பில்லிங் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. மாலை ஏழு மணிக்குக் கூட்டம் ஏறியது, பில் போட நேரமாகிறது என்றார்கள். வீட்டில் இருந்தபடியே சர்வரில் வொர்க்கர் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து நான்காக்கி மறுபடி ஸ்டார்ட் செய்தேன். வேகம் வந்துவிட்டது. நானும் காபி குடிக்கப் போய்விட்டேன்.

எட்டு மணிக்கு கேஷியர் பெண்ணிடமிருந்து போன். "அண்ணா, ரெண்டு பேர்த்துக்கு ஒரே பில் நம்பர் வந்திருக்குதுங்க." போய்ப் பார்த்தால் இரண்டு இல்லை, நான்கு. 4311 என்ற எண்ணில் ஒரு பட்டுச்சேலை, ஒரு டஜன் கைக்குட்டை, குழந்தைக்கு ஒரு பாவாடை சட்டை, அப்புறம் ஒரு வேட்டி. அடுத்து 4312-லும் இதே கதை.

பில் எண் கொடுக்கும் கிளாஸை நான் சிங்கிள்டனாகத்தான் எழுதியிருந்தேன், அதாவது நிரல் முழுக்க அந்தக் கிளாஸின் ஆப்ஜெக்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்படி. பூட்டெல்லாம் போட்டு, இரண்டு த்ரெட் (ஒரே பிராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் வந்தாலும் ஒன்றுதான் பிறக்கும் என்று சோதித்து, பெருமையோடு அனுப்பிய நிரல் அது. ஆனால் அதை ஓட்டிய பைத்தான் சர்வரான கூனிகார்னில் ஒவ்வொரு வொர்க்கரும் தனி பிராசஸ், தனி நினைவகம். நான்கு பேரும் எழுந்தவுடன் டேட்டாபேஸில் கடைசி எண் 4310 என்று படித்துக்கொண்டார்கள். அப்புறம் அவரவர் நினைவகத்திலேயே ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டார்கள். நான்கு சிங்கிள்டன், ஒவ்வொன்றும் "நான் ஒருத்தன்தான்" என்று நினைத்துக்கொண்டு. டேபிளில் பில் எண்ணுக்கு, ஒரே எண் இரண்டு முறை ஏறாமல் தடுக்கும் யூனிக் விதியைப் போட மறந்தவனும் நானேதான்.

அன்று கடை மூடிய பிறகு உட்கார்ந்து திருத்தியபோது தோன்றிய யோசனைதான் இந்த விமர்சனம். சிங்கிள்டன் என்பதை எல்லா மொழிகளும் விற்கின்றன. சில மொழிகளில் அது ஒரே சொல். சிலவற்றில் அரைப்பக்க மந்திரம். விற்பது எல்லாம் உண்மையில் ஒன்றுதானா? எதற்குள் ஒன்று? இதைப் பார்க்க ஒரு வார இறுதியை ஒதுக்கினேன்.

சோதனை எளிது. அதே பில் எண் கிளாஸ். ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்குள் "பிறந்தேன்" என்று ஒரு வரி அச்சிட்டு 50 மில்லிசெகண்ட் தூங்கும். 100 த்ரெட் ஒரே நேரத்தில் வந்து கேட்கும். திரையில் எத்தனை "பிறந்தேன்" வருகிறதோ அத்தனை ஒன்று. அதில் தேறினால், பின்வாசல் வழியாக இன்னொன்றை உருவாக்க முடிகிறதா என்று பார்ப்பேன்.

ஜாவாவில் தொடங்கினேன், ஏனென்றால் நேர்முகத் தேர்வுகளில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒப்பிப்பது ஜாவாவைத்தான். 'இல்லையென்றால் உருவாக்கு, இருந்தால் அதையே கொடு' என்று பச்சையாக எழுதினால் என் லேப்டாப்பில் தொண்ணூறுக்கும் மேல் "பிறந்தேன்". எதிர்பார்த்ததுதான். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் சிங்க்ரனைஸ்டை முழு மெத்தடுக்கும் போட்டால் ஒன்று. ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு முறை எண் கேட்கும்போதும் வரிசையில் நிற்க வேண்டும்.

இதைத் தவிர்க்கத்தான் இரட்டைச் சோதனைப் பூட்டு வந்தது. பூட்டுக்கு வெளியே ஒருமுறை பார், உள்ளே போய் இன்னொருமுறை பார். பல வருடங்கள் பலரும் இதை எழுதினார்கள், அது தப்பு என்று தெரியாமலே. ஆப்ஜெக்ட்டின் கன்ஸ்ட்ரக்டர் முடியும் முன்பே அதன் முகவரி வெளியே தெரிந்துவிடலாம். வீடு கட்டி முடிக்கும் முன்பே வாசலில் கதவு எண் பலகையை மாட்டிவிட்ட மாதிரி. தபால்காரர் எண்ணைப் பார்த்து உள்ளே நுழைந்தால் சுவர் இருக்காது. 2004-இல் வந்த ஜாவா 5-இல் நினைவக விதிகளைத் திருத்தி எழுதிய பிறகுதான், அந்த மாறியை வாலடைல் (ஒரு த்ரெட் எழுதியது மற்றவற்றுக்கு ஒழுங்கான வரிசையில் தெரியவைக்கும் சொல்) என்று அறிவித்தால் இது சரியாக வேலை செய்யும் என்ற நிலை வந்தது. இன்றும் பத்துப் பேரில் பாதிப் பேர் வாலடைலை விட்டுவிட்டுத்தான் போர்டில் எழுதுகிறார்கள். விட்டாலும் என் சோதனையில் ஒன்றுதான் பிறந்தது, அதுதான் ஆபத்து. இந்தப் பிழை சோதனையில் மாட்டாது, பிஸியான நாளில்தான் மாட்டும்.

ஜாவாவில் நான் காசு கொடுத்து வாங்குவது இரண்டுதான். ஒன்று, உள்ளே ஒரு குட்டி ஸ்டாட்டிக் கிளாஸ் வைத்து அதற்குள் ஆப்ஜெக்ட்டை உருவாக்குவது. அந்தக் குட்டி கிளாஸை யாராவது முதலில் தொடும்போதுதான் அது ஏற்றப்படும், ஏற்றும்போது பூட்டுவதை ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்மே பார்த்துக்கொள்ளும். வாலடைலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இன்னொன்று, ஒரே உறுப்புள்ள ஈனம் (enum, மதிப்புகளைப் பட்டியலிடும் வகை). பார்க்க விசித்திரமாக இருக்கும், வாரத்தின் நாட்களைப் பட்டியலிடும் பொருளை வைத்து பில் எண்ணா என்று தோன்றும். ஆனால் பின்வாசல் சோதனையில் இது மட்டும்தான் தேறியது. ஓடும்போதே கிளாஸின் உள்ளே கை விடும் ரிஃப்ளெக்‌ஷன் மூலம் பிரைவேட் கன்ஸ்ட்ரக்டரைத் திறந்து கூப்பிட்டால் மற்ற எல்லா வடிவங்களும் இரண்டாவது "பிறந்தேன்" சொல்லிவிட்டன. ஈனம் முடியாது என்று எக்ஸப்ஷனைத் தூக்கி எறிந்தது. சீரியலைஸ் செய்து, அதாவது பைட்டுகளாக எழுதி வைத்து, திரும்ப வாசித்தாலும் அதே ஆள்தான் வருகிறார்.

ஒரு ரகசியம்: ஜாவாவின் 'ஒன்று' என்பது ஒரு கிளாஸ்லோடருக்குள் (கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதி) ஒன்று. ஒரே சர்வரில் இரண்டு வெப் அப்ளிகேஷன், இரண்டும் தனித்தனியாக அந்தக் கிளாஸை ஏற்றினால், இரண்டு ஒன்று. பேக்கெட் மேல் இதைச் சின்ன எழுத்தில்கூட அச்சிடுவதில்லை. பத்துக்கு ஏழு. ஈனத்துக்கு மட்டும் எட்டு.

காட்லின், அண்ணன் ஜாவாவின் வீட்டிலேயே, அதே ஜேவிஎம்மில் வளர்ந்த பிள்ளை. கிளாஸ் என்று எழுதும் இடத்தில் ஆப்ஜெக்ட் என்று எழுதினால் போதும், 100 த்ரெட்டுக்கும் ஒன்று. அவ்வளவுதான். பிரச்சினை எப்போது வரும் என்றால், பிறக்கும்போது ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும்போது. ஆப்ஜெக்ட்டுக்குக் கன்ஸ்ட்ரக்டர் கிடையாது. ஆண்ட்ராய்டில் டேட்டாபேஸ் திறக்க, ஆப்பின் சூழலைச் சொல்லும் கான்டெக்ஸ்ட் என்ற பொருளைக் கொடுக்க வேண்டும். அதனால் எல்லோரும் கம்பேனியன் ஆப்ஜெக்ட்டுக்குள் வாலடைல், சிங்க்ரனைஸ்டு என்று அதே பழைய ஜாவா மந்திரத்தைத் திரும்ப எழுதுகிறார்கள். புது வீடு கட்டி, பழைய அம்மிக்கல்லை எடுத்து வந்து நடு ஹாலில் போட்ட கதை.

சி ஷார்ப்பில், முதலில் கேட்கும்போதுதான் உருவாக்கும் லேஸி என்று ஒரு பொருள் 2010-இல் டாட்நெட் 4-ஓடு வந்தது. அதற்கு முன்பு ஜாவாக்காரர்கள் பட்ட பாடு இவர்களும் பட்டார்கள். இப்போது ஒரு வரியில் முடிகிறது. உருவாக்கும் ஃபங்ஷன் முதல்முறை தோற்றால் மட்டும் கவனம். சாதாரண அமைப்பில் அந்தத் தோல்வியையே பத்திரப்படுத்தி, கேட்கும்போதெல்லாம் அதையே எடுத்து நீட்டும்.

சி பிளஸ் பிளஸ் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இங்குதான் நான் ஏமாந்தேன். எழுத வேண்டியது இரண்டே வரி. ஒரு ஃபங்ஷன், அதற்குள் ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட், அதன் ரெஃபரன்ஸைத் திருப்பிக் கொடு. 2011-இன் தர விதியிலிருந்து, இந்த உள் ஸ்டாட்டிக் ஒருமுறைதான் உருவாகும், மற்ற த்ரெட்கள் அதுவரை காத்திருக்கும் என்று மொழியே உத்தரவாதம் கொடுக்கிறது. 100 த்ரெட், ஒரே "பிறந்தேன்". ஆஹா என்று பத்துக்கு ஒன்பது எழுதி வைத்துவிட்டேன்.

அப்புறம் பில் எண்களை அச்சிட்டுப் பார்த்தேன். 1, 2, 3 என்று போகவேண்டியது 1, 1, 1 என்று போகிறது. "பிறந்தேன்" ஒன்றுதான், ஆனால் எண் கூடவே இல்லை. அரைமணி நேரம் தலையைச் சொறிந்தேன். காரணம் ஒரு எழுத்து. ஃபங்ஷன் ரெஃபரன்ஸ் கொடுக்கிறது. வாங்கும் இடத்தில் ஆட்டோ என்று மட்டும் எழுதிவிட்டேன், பக்கத்தில் அந்த அம்பர்சாண்ட் குறியைப் போடவில்லை. அது இல்லையென்றால் ஆட்டோ ரெஃபரன்ஸை உதிர்த்துவிட்டு ஒரு நகலை எடுத்துக்கொள்கிறது. நகல் பிறப்பது வேறு கன்ஸ்ட்ரக்டர் வழியாக, அங்கே நான் "பிறந்தேன்" அச்சிடச் சொல்லவில்லை. ஆக 100 த்ரெட்டும் ஆளுக்கொரு நகலை வைத்துக்கொண்டு தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்தன, சத்தமே இல்லாமல். நகல் கன்ஸ்ட்ரக்டரை டிலீட் என்று அறிவித்தால் இது கம்பைல் ஆகவே ஆகாது. ஒரே வரி. அதை விட்டவன் துணிக்கடையில் பாடம் படிக்காத அதே ஆள்.

இன்னொரு தொல்லை கடை மூடும் நேரத்தில் வருகிறது. நிரல் முடியும்போது ஸ்டாட்டிக்குகள் பிறந்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் அழியும். பில் எண் கிளாஸ், அழியும்போது ஓடும் தன் டிஸ்ட்ரக்டரில் "முடிந்தது" என்று லாகரிடம் (நடப்பதைப் பதிவு செய்யும் இன்னொரு சிங்கிள்டன்) எழுதச் சொல்கிறது, ஆனால் லாகர் அதற்கு முன்பே அழிந்துவிட்டால்? எல்லா வேலையும் ஒழுங்காக முடிந்து, கடைசி நொடியில் கிராஷ். பில் எண் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிலேயே லாகரை ஒருமுறை தொட்டுவிட்டால் லாகர் முதலில் பிறந்து கடைசியில் சாகும், பிரச்சினை தீரும். இல்லையென்றால் நியூ போட்டு உருவாக்கி, அழிக்காமலே விட்டுவிடுங்கள். பிராசஸ் போகும்போது அதுவும் போகும். வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஒன்பதை அடித்துவிட்டு ஆறரை.

சரி, பைத்தான். என் சொந்த ஊர், அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வலையில் எங்கு தேடினாலும் கிடைக்கும் செய்முறை, நியூ என்ற மாய மெத்தடை மாற்றி எழுதி, பழைய ஆப்ஜெக்ட் இருந்தால் அதையே திருப்பிக் கொடுப்பது. இதில் ஒரு குழி உண்டு. நியூ பழைய ஆளைக் கொடுத்தாலும், பைத்தான் அந்தப் பழைய ஆளுக்கே, ஆரம்ப மதிப்புகளை வைக்கும் இனிட்டை மறுபடி ஓட்டும். இனிட்டில் எண்ணைப் பூஜ்யம் என்று வைத்திருந்தால், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஒரே ஆள்தான், ஆனால் தினமும் காலையில் எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுகிறவர். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் கில் (GIL) என்ற பூட்டு பைத்தானில் இருக்கிறதே, த்ரெட் பிரச்சினை வராது என்பவர்களுக்கு: என் 50 மில்லிசெகண்ட் தூக்கத்தில் கில்லும் கை மாறுகிறது, பூட்டு இல்லாமல் எழுதியதில் "பிறந்தேன்" மழையாகக் கொட்டியது.

பைத்தானில் உண்மையான சிங்கிள்டன் மாட்யூல்தான், அதாவது ஒரு பைத்தான் ஃபைல். ஒரு ஃபைலில் ஆப்ஜெக்ட்டை உருவாக்கி வையுங்கள், யார் இம்போர்ட் செய்தாலும் முதல்முறை ஏற்றியதே கிடைக்கும். கிளாஸ் வித்தை எதுவும் வேண்டாம். இதிலும் ஒரு பின்வாசல் இருக்கிறது. அந்த ஃபைலையே நேராக ஓட்டினால் அதன் பெயர் மெயின். ஓடும் வழியில் வேறொரு ஃபைல் அதைச் சொந்தப் பெயரில் இம்போர்ட் செய்தால், பைத்தானுக்கு அது புது மாட்யூல். மறுபடி ஏற்றும். ஒரே ஃபைல், இரண்டு "பிறந்தேன்". முதல்முறை பார்த்தபோது ஸ்கிரீனைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மாட்யூலுக்கு எட்டு, மற்ற வித்தைகளுக்கு நான்கு.

ஜாவாஸ்கிரிப்டிலும் மாட்யூல்தான் கடை. த்ரெட் தலைவலி இல்லை, ஒரு ஆப்ஜெக்ட்டை எக்ஸ்போர்ட் செய்தால் முடிந்தது. இங்கே ஒன்று எப்படி இரண்டாகும் என்றால், நிறுவிய பேக்கேஜ்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் ஒரே பேக்கேஜின் இரண்டு வெர்ஷன் உட்கார்ந்திருந்தால். நீங்கள் நிறுவியது ஒன்று, வேறொரு பேக்கேஜ் தன்னோடு கூட்டி வந்தது இன்னொன்று. ரியாக்ட் என்ற திரை நூலகத்தில் எழுதுகிறவர்கள் 'ஹுக்கைத் (ரியாக்ட் தரும் ஒருவகை ஃபங்ஷன்) தவறான இடத்தில் கூப்பிட்டிருக்கிறாய்' என்ற பிழையைப் பார்த்துத் தங்கள் நிரலை எத்தனையோ தடவை சரிபார்த்திருப்பார்கள். நிரல் சரிதான். ரியாக்ட் இரண்டு பேர் இருப்பதும் அந்தப் பிழைக்கு ஒரு காரணம்.

பி.எச்.பி-யைச் சோதித்ததே வேடிக்கைக்காக. வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் உலகம் புதிதாகப் பிறந்து, பதில் அனுப்பியதும் அழிகிறது. சிங்கிள்டன் ஒன்றுதான், ஆயுள்தான் சில மில்லிசெகண்ட். குறையாகச் சொல்லவில்லை. பி.எச்.பி-யில் எழுதியிருந்தால் பில் எண்ணை நினைவகத்தில் வைக்கும் புத்தி எனக்கு வந்தே இருக்காது.

கோ மொழியில் சிங்க் ஒன்ஸ். பெயரே வேலையைச் சொல்கிறது. 100 கோரூட்டீன் (கோவின் இலகுவான த்ரெட்) வந்தாலும் கொடுத்த ஃபங்ஷனை ஒரு முறைதான் ஓட்டும், மற்றவர்கள் அது முடியும் வரை நிற்பார்கள். ஆகஸ்ட் 2023-இல் வந்த 1.21 வெர்ஷனிலிருந்து ஒன்ஸ்வேல்யூ என்றும் ஒன்று கிடைக்கிறது, மதிப்பையே பிடித்து வைத்துக் கொடுக்கும். டைப்பின் பெயரைச் சின்ன எழுத்தில் தொடங்கினால் வெளிப் பேக்கேஜ்கள் தாமாக இன்னொன்று செய்ய முடியாது. எனக்கு இதில் ஒரே மனத்தாங்கல்: ஒரு முறை என்றால் ஒரு முறைதான். டேட்டாபேஸ் இணைப்பைத் திறக்கும் ஃபங்ஷன் அந்த ஒரு முறை தோற்றுவிட்டால், ஒன்ஸ் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடும். சர்வரை மறுபடி ஸ்டார்ட் செய்யும் வரை உங்கள் கையில் வெறும் நில் (nil, வெற்று மதிப்பு). தோற்கக்கூடிய வேலைக்கு இதை வாங்காதீர்கள். மற்றபடி எட்டரை.

ஸ்விஃப்டில் ஸ்டாட்டிக் லெட், ஷேர்டு என்று பெயர், பிரைவேட் இனிட். தாமதமாகப் பிறக்கும், த்ரெட்டுக்குப் பத்திரம். கிளாஸாக எழுதுங்கள். நகலாகவே கைமாறும் ஸ்ட்ரக்டாக எழுதினால் சி பிளஸ் பிளஸில் நான் வாங்கிய அடியை இங்கேயும் வாங்கலாம்.

ரஸ்ட்டைக் கடைசிக்கு வைத்தேன். மாற்றக்கூடிய குளோபலை (நிரல் முழுக்கப் பொதுவான மாறி) கேட்டால் இந்தக் கடைக்காரர் உடனே எடுத்துத் தருவதில்லை. யார் எழுதுவார்கள், எந்த த்ரெட்டிலிருந்து, ஒரே நேரத்தில் இருவர் வந்தால் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் தருவார். வெறும் ஸ்டாட்டிக் மியூட் என்று எழுதினால், ஆபத்துக்கு நானே பொறுப்பு என்பதற்கு அன்சேஃப் என்று கையெழுத்துப் போடச் சொல்வார். 2024 எடிஷனில் அதற்கு ரெஃபரன்ஸ் எடுத்தாலே பிழை. முன்பெல்லாம் லேஸி ஸ்டாட்டிக், ஒன்ஸ் செல் என்று வெளி நூலகங்களைத் தேட வேண்டும். 2023-இல் 1.70-இல் ஒன்ஸ்லாக்கும், 2024-இல் 1.80-இல் லேஸிலாக்கும் மொழிக்குள்ளேயே வந்துவிட்டன. எரிச்சலோடுதான் எழுதினேன். ஆனால் கடைசியில் பார்த்தால் என் பில் எண்ணுக்கு இதெதுவுமே தேவைப்படவில்லை. பல த்ரெட் ஒரே நேரத்தில் கூட்டினாலும் பிசகாத ஒரு ஸ்டாட்டிக் அட்டாமிக் எண், ஒரு வரி. கிளாஸும் இல்லை, கன்ஸ்ட்ரக்டரும் இல்லை, "பிறந்தேன்" சொல்ல ஆளே இல்லை. பத்துக்கு ஒன்பது. ஒன்று குறைத்தது அந்தக் கேள்விகளுக்காக.

இதெல்லாம் வாங்கத் தகுந்த பொருளா என்று கேட்டால், எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. 1994-இல் 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புத்தகத்தில் இந்த வடிவத்தை 23 நிரல் வடிவங்களில் ஒன்றாக உலகத்துக்கு அறிமுகப்படுத்திய நால்வரில் ஒருவரான எரிக் காமாவே, பதினைந்து வருடம் கழித்து ஒரு பேட்டியில், இப்போது எழுதினால் சிங்கிள்டனை நீக்கிவிடலாம் என்றுதான் சொன்னார். ஒரு நல்ல காரணம் என் டெஸ்ட் ஃபைலிலேயே கிடைக்கும். முதல் டெஸ்ட் மூன்று பில் போட்டது, இரண்டாவது டெஸ்ட் முதல் எண் 1 என்று எதிர்பார்த்து 4-ஐப் பார்த்துத் தோற்றது. தனியாக ஓட்டினால் பாஸ். இந்த மாதிரி டெஸ்ட்டோடு ஒரு நாள் போராடியவருக்குத் தெரியும். இப்போது நான் செய்வது: மெயினில் ஒரு முறை உருவாக்கி, வேண்டிய இடத்துக்கெல்லாம் கையோடு கொடுத்தனுப்புகிறேன். லாகர், அமைப்புக் கோப்பு இரண்டுக்கு மட்டும் சிங்கிள்டன் வைத்திருக்கிறேன்.

துணிக்கடையின் பில் எண் இப்போது எந்த மொழியிலும் இல்லை, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. முதலில் டேட்டாபேஸே எண் கொடுக்கும் சீக்வென்ஸ் போடலாம் என்று நினைத்தேன். ஆனால் பாதியில் ரத்தான பில்லின் எண்ணை சீக்வென்ஸ் திருப்பி எடுத்துக்கொள்ளாது, நடுவில் ஓட்டை விழும். ஜி.எஸ்.டி. விதிப்படி எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் இரண்டாம் முறை வரக்கூடாது. ஓட்டை இருந்தால் ஆடிட்டர் கேட்பார். அதனால் ஒரே வரிசையுள்ள ஒரு டேபிள். பில் போடும் டிரான்சாக்‌ஷன் அந்த வரிசையைப் பூட்டி, எண்ணைக் கூட்டி, பில்லோடு சேர்த்துக் கமிட் செய்யும். ரத்தானால் எண்ணும் திரும்பிவிடும். வொர்க்கர் நான்கோ நாற்பதோ, வரிசை ஒன்று. கூடவே யூனிக்கும் போட்டாயிற்று.

போன மாதம் கடைக்காரர் பொள்ளாச்சியில் கிளை திறக்கிறார் என்று கூப்பிட்டார். "தம்பி, ரெண்டு கடைக்கும் சேர்த்து ஒரே கவுண்டரா ஓடட்டுங்களே, பார்க்க அழகா இருக்கும்." பொள்ளாச்சியில் இன்டர்நெட் போனால் அங்கே பில்லே போட முடியாது என்று யோசித்துப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. விதியும் ஒன்றுக்கு மேற்பட்ட எண் தொடர்களை அனுமதிக்கிறது, முன்னெழுத்தோடு சேர்த்து பதினாறு எழுத்துக்குள் இருந்தால் போதும்.

"வேண்டாங்ண்ணா," என்றேன். "ரெண்டு இருக்கட்டும்."